கூட்டத்தில் திணறாத கணினி: ஆன்லைன் ஆர்பிஜி ஆட வருபவர்களுக்கு

போன ஆனியில், சாரல் கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம், புளியரையிலிருந்து ஒரு தம்பி பைக்கின் பின்சீட்டில் கேபினெட்டைக் கட்டிக்கொண்டு செங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, ஆட்டத்துல காட்டுல தனியா நடந்தா வெண்ணெய் மாதிரி போகுது. ஊருக்குள்ள வந்தா கட்டை வண்டிதான்" என்றான். திறந்து பார்த்தேன். கையிலிருந்த காசில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டில் போட்டிருந்தான். பிராசஸர் பழையது, நாலு கோர் (உள்ளே கணக்குப் போடும் அலகு). ரேம் ஒரே குச்சி, 8 ஜிபி.

புதிதாக ஆட வருகிற பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு இதுதான். துப்பாக்கிச் சூட்டு ஆட்டங்களுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே ஆன்லைன் ஆர்பிஜிக்கும் (பலர் ஒரே உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம்) எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆட்டங்களில் கணினி திணறுவது மலையையும் ஆற்றையும் வரையும்போது இல்லை, ஆட்கள் கூடும்போது. பைனல் ஃபேண்டஸி 14-ல் அலையன்ஸ் ரெய்டு (பெரிய எதிரியைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பது) என்றால் 8 பேர் கொண்ட மூன்று அணிகள், மொத்தம் 24 பேர். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் மிதிக் ரெய்டுக்கு 20 பேர். ஊர்ச் சந்தையில் நின்றால் நூறு பேர்கூட இருப்பார்கள். ஒவ்வொருவரின் உடுப்பு, ஆயுதம், தலைக்கு மேல் பெயர், எங்கே நகர்கிறார், என்ன மந்திரம் போடுகிறார் என்று எல்லாவற்றையும் நொடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு, கார்டிடம் "இதை வரை" என்று சொல்ல வேண்டியது பிராசஸர். அந்த வேலையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழும். அதனால் எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பது முக்கியம்.

உங்களிடம் ஏற்கெனவே கணினி இருந்தால், காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கூட்டமான இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) நன்றாக ஏறினால் திணறுவது கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸர். அந்தத் தம்பியின் கணினியில் அசையவே இல்லை.

முதலில் எந்த ஆட்டம்

ஆட்டத்தை முடிவு செய்யாமல் கணினி வாங்காதீர்கள். நண்பரின் கணினியிலோ வீட்டு லேப்டாப்பிலோ ஆடிப் பார்க்க வழி இருக்கிறது. பைனல் ஃபேண்டஸி 14-ஐ 70-ஆம் லெவல் வரை காசில்லாமல் ஆடலாம், நாள் கணக்கும் கிடையாது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 20-ஆம் லெவல் வரை. கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படை ஆட்டம் 2015 முதல் இலவசம். ஆல்பியன் ஆன்லைன் செல்போனில்கூட ஓடும். ஆல்பியன் மட்டும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால், கீழே சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு

அக்கா மகளுக்காக 2024 கடைசியில் நான் சேர்த்த கணினி, மானிட்டரும் யுபிஎஸ்ஸும் நீங்கலாக, 52,000 ரூபாயில் முடிந்தது. ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), முன்பக்கம் காற்று நுழையும் வலை வைத்த சாதாரண கேபினெட். அவள் ஹீலராக, அதாவது அணியின் காயத்தை ஆற்றுபவளாக, ஆடுகிறாள். அவளுடைய அணியில் பாதிப் பேர் புனலூர்ப் பிள்ளைகள். ஒரு நொடி உறைந்தால் எட்டுப் பேரும் விழுவார்கள். அதனால் அவள் கேட்டது அழகு இல்லை, உறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

இதே தொகைக்கு இன்று இதெல்லாம் வராது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது, எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். ஆகவே பழைய வீடியோக்களில் வரும் விலைப்பட்டியலை நம்பி வீட்டில் காசு கேட்காதீர்கள். வாங்கும் வாரத்தில் மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

பிராசஸரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரைசன் 5 5600, 5600ஜி இரண்டும் பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், இரண்டுக்கும் 6 கோர். ஆனால் 5600-க்குள் 32 எம்பி எல்3 கேஷ், 5600ஜி-க்குள் 16 எம்பிதான். கேஷ் என்பது பிராசஸர் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்கும் நினைவகம். ரேம் வரை போய் வருவது அதற்குத் தூரம். நூறு பேர் நிற்கும் சந்தையில் ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதால், கேஷ் பெரிதாக இருந்தால் அந்த இடத்தில்தான் பலன் தெரியும். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி என்ற பிராசஸர்களை ஆர்பிஜி ஆடுபவர்கள் தேடி அலைவதும் அதனால்தான். அவற்றில் எல்3 கேஷ் 96 எம்பி.

அப்படியானால் 5600ஜி எதற்கு? அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கார்டே வேண்டாம். 5600-க்கு அது இல்லை; கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. கையில் காசு குறைவு, இன்றே ஆட வேண்டும் என்பவர்கள் 5600ஜி வாங்கி, தரத்தைக் குறைத்து வைத்து ஆடலாம். நான்கைந்து மாதம் பொறுக்க முடியுமானால் பொறுத்து 5600-ம் கார்டும் வாங்குங்கள் என்பதே என் யோசனை. 5600ஜி வாங்கிவிட்டுப் பிறகு கார்டு போட்டாலும் கூட்டத்தில் அந்தச் சின்னக் கேஷ் இழுக்கும். இன்டெல் பக்கம் கோர் ஐ3 12100எஃப், நாலு கோர்தான் என்றாலும் ஒரு கோரின் வேகம் நன்றாக இருப்பதால் இந்த ஆட்டங்களுக்குத் தாங்கும். பெயரின் கடைசியில் எஃப் வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்.

கார்டில் 8 ஜிபி நினைவகம் உள்ளதாகப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600, 1080பி திரைக்குப் போதும், மின்சாரமும் 132 வாட்தான். கடைக்காரர் "கிராபிக்ஸ் கார்டு, மலிவு" என்று ஜிடி 710, ஜிடி 730 எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை 5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸைவிடப் பலம் குறைந்தவை.

ரேம் ஒரே 16 ஜிபி குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியாகப் போகிற வண்டிக்கு வேகம் அதிகம். கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி கட்டாயம். பைனல் ஃபேண்டஸி 14 மட்டுமே 140 ஜிபி இடம் கேட்கிறது. இப்படி இரண்டு ஆட்டமும் விண்டோஸும் வைத்தால் 500 ஜிபியில் பாதிக்கு மேல் போய்விடும்.

எங்கே வாங்குவது

நம் பகுதிக்கு இதில் ஒரு வசதி உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இன்றும் பாதி வீடுகளுக்கு உறவு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும். எர்ணாகுளத்தில் மாமா இருந்தால் அங்கே விலை கேட்கலாம், சென்னையில் சித்தப்பா இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கச் சொல்லலாம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபிறகு இரண்டு மாநிலத்திலும் ஒரே வரிதான், 18 சதவீதம். எர்ணாகுளத்திலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். ஜிஎஸ்டி பில்லை மட்டும் வாங்காமல் வராதீர்கள். "பில் இல்லாமல் என்றால் ஆயிரம் ரூபாய் குறைவு" என்பார்கள், அந்த ஆயிரம் பின்னால் வாரண்டியில் போய்விடும். அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டர் நமக்கு அருகில் எந்த ஊரில் இருக்கிறது, திருநெல்வேலியா, திருவனந்தபுரமா, மதுரையா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழுதான போர்டோடு சென்னை வரை போய் வருகிற செலவில் ஒரு ரேம் வாங்கலாம்.

பழைய கார்டு வாங்கினால் நேரில் போய், ஆட்டம் ஒன்றைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். திருகுகளையும் பின்பக்கத் தகட்டையும் பாருங்கள். துரு இருந்தால் கடலோரத்திலோ ஓதம் ஏறிய அறையிலோ இருந்த கார்டு. விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்க மாட்டேன்.

மின்சாரம், இடி, ஓதம்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இதைக் கவனிக்காமல் போன கணினிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் "450 வாட்" பெட்டிகளில் பல அந்த அளவைத் தாங்கா. கையில் எடுத்தாலே எடை இருக்காது. 80 பிளஸ் பிரான்ஸ் (80 PLUS Bronze) முத்திரையும், ஐந்தாண்டு வாரண்டியும் உள்ள 550 வாட் வாங்குங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் 200-240 என்று போட்டிருக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடி வோல்டேஜ் இறங்கும் கிராமத்தில் அது அணைந்து அணைந்து எரியும்.

அடுத்து எர்த். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இருந்தால் எர்த் இல்லை. ஒயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் குழி இருக்கும் வீடுகளில் சித்திரை வைகாசியில் அதில் தண்ணீர் ஊற்றுவதை மறந்துவிடுகிறோம். காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது.

யுபிஎஸ் 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட். மேலே சொன்ன கணினியும் மானிட்டரும் ஆடும்போது ஏறக்குறைய 250 வாட் எடுக்கும். 600 விஏ தாங்கும், ஆனால் சில நிமிடம்தான். முடிந்தால் 1000 விஏ. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை மாட்டுபவர்கள் அதன் பின்பக்கச் சுவிட்சை "யுபிஎஸ்" பக்கம் வையுங்கள். மற்றப் பக்கத்தில் மாறுவதற்குள் கணினி அணைந்து மறுபடி எழும். ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. கரண்ட் போகும்போது கணினி ஓடி, இணையம் போனால் உங்கள் பாத்திரம் எதிரி முன்னால் சிலையாக நிற்கும், அணி மொத்தமும் அதோடு போகும்.

இடியைப் பற்றி. சித்திரைக் கோடை மழையிலும், ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வரும்போதும், கேரளத்தில் துலாவர்ஷம் என்பார்களே, அந்த நேரத்தில், சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள். லேன் கேபிளையும் பிடுங்குங்கள். பைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. ஆனால் பைபர் பெட்டியின் அடாப்டர் வழியாகவும், தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்த செப்பு லேன் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். என் முதல் போர்டின் லேன் போர்ட் அப்படித்தான் போனது. பிளக்கை எல்லாம் பிடுங்கியிருந்தேன், கேபிளை மறந்துவிட்டேன்.

ஓதம் ஏறும் சுவரை ஒட்டிக் கேபினெட்டை வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு மேசை மேல். சாரல் மாதங்களில் ஆடாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் நிற்காது. எறும்புக்கும் பல்லிக்கும் அந்த வெதுவெதுப்பு பிடிக்கும். பின்பக்கம் கார்டு மாட்டாத இடங்களைத் தகட்டால் மூடியே வையுங்கள்.

சேர்ப்பது

வேலையை மேசை மேல், போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துச் செய்யுங்கள். தொடங்கும் முன் ஒரு இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்காருங்கள். பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது உடம்பில் நிலைமின்சாரம் அதிகம் சேரும்.

பிராசஸரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். போர்டின் சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். அழுத்தவே கூடாது. 5600-இன் அடியில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள், ஒன்று வளைந்தாலும் தொல்லை. அப்புறம் கூலர். 5600-உடன் வரும் கூலர் நான்கு திருகில் நேராகப் போர்டின் பின்தகட்டில் இறங்குவது. அதற்கு, போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்தகடு கீழே விழும், அடியில் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பாதிப் பேர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் கூலரிலேயே தடவி வரும், வேறு தடவ வேண்டாம்.

ரேம் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளத்தில் போடுங்கள். இரண்டே பள்ளமுள்ள போர்டில் யோசிக்க ஒன்றுமில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டியை எம்.2 பள்ளத்தில் பிடித்து வைக்கும் திருகு போர்டின் பெட்டியில் குட்டிப் பையில் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் தேடி எடுங்கள். பிறகு போர்டின் கேபிள் துளைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு (ஐ/ஓ ஷீல்டு), போர்டு, எஸ்எம்பிஎஸ், கார்டு என்று கேபினெட்டில் ஏற்றுங்கள். பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிளும் கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது 4+4 ஆகப் பிரியும், இரண்டாவது 6+2 ஆகப் பிரியும். நுழையாவிட்டால் தள்ளாதீர்கள், மாற்றிப் பாருங்கள்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள், போர்டில் இல்லை. பக்கவாட்டு மூடியைப் போடும் முன் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். முதல் தடவை திரையில் எழுத்து வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். பழைய இருப்பில் கிடந்த பி450 போர்டு என்றால் அதன் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) 5600-ஐ அடையாளம் தெரியாமல் இருட்டாகவே இருக்கும். வாங்கும்போதே "பயாஸ் அப்டேட் செய்து கொடுங்கள்" என்று கேட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

எழுந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 2133, 2400 என்று ஓடிக்கொண்டிருக்கும். பலர் வருடக்கணக்கில் இதைக் கவனிக்காமலே ஆடுகிறார்கள். விண்டோஸ் போட்டபின் கார்டின் டிரைவரை அதன் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

இணையமும் ஆட்டத்துக்குள் அமைப்பும்

வைபை வேண்டாம், லேன் கேபிள் இழுங்கள். மாநில எல்லையில் புளியரை, ஆரியங்காவு பக்கம் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்களுக்கு டவர் ஒரு மாநிலம் மாறி ஒரு மாநிலம் பிடித்து, பிங் (சர்வருக்குத் தகவல் போய் வர ஆகும் நேரம்) ஏறி இறங்கும்.

பிங் என்பது கணினியால் குறைகிற விஷயம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வர நேர்க்கோட்டிலேயே 29 மில்லிசெகண்ட் ஆகிவிடும், நிஜத்தில் அதற்கு மேல். ஐரோப்பிய சர்வர் என்றால் நூறைத் தாண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் இதைக் குறைக்காது. எனவே ஆட்டத்தில் பாத்திரம் உருவாக்கும்போதே சர்வரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆல்பியனுக்கு ஆசிய சர்வர் உண்டு. கில்டு வார்ஸ் 2-க்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான், நமக்கு ஐரோப்பா பக்கம். நண்பர்கள் எங்கே ஆடுகிறார்களோ அங்கே போவது பிங்கைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். 150 பிங்கில் பழகிவிடலாம், ஆளில்லாத சர்வரில் பழக முடியாது.

ஆட்டத்துக்குள் நிழல் தரத்தை முதலில் குறையுங்கள். திரையில் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் காட்டலாம் என்ற அமைப்பு பெரும்பாலான ஆர்பிஜிகளில் இருக்கும். அதை நடுத்தரத்துக்கு இறக்குங்கள், ரெய்டில் அதன் பலன் உடனே தெரியும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேமையும் 60-இல் கட்டிவிடுங்கள். சூடும் குறையும், யுபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும்.

எல்லாம் முடிந்தபின் முதல் சோதனையை வயல்வெளியில் செய்யாதீர்கள். ஞாயிறு இரவு, ஆட்டத்தின் பெரிய ஊருக்குப் போங்கள். பைனல் ஃபேண்டஸி 14-ல் லிம்சா லொமின்சா, கில்டு வார்ஸ் 2-ல் லயன்ஸ் ஆர்ச். நெரிசலான இடத்தின் நடுவில் நின்று கேமராவை ஐந்து நிமிடம் சுற்றுங்கள். ஃபிரேம் 40-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் ரெய்டுக்குப் பயமில்லாமல் போகலாம். அதே நேரம் பிராசஸர் சூட்டையும் பாருங்கள். 85 டிகிரியைத் தாண்டிப் போனால் கூலரின் நான்கு திருகில் ஒன்று முழுதாக இறங்காமல் இருக்கலாம். அணைத்துவிட்டு, ஆறியதும் அதை மட்டும் இன்னொரு சுற்று முறுக்குங்கள்.